சம்பந்தி வீட்டு அமைதி

மகள் ஓர் அர்ஜென்டினாக்காரனைக் கல்யாணம் செய்த அடுத்த வருடம், சம்பந்தி வீட்டைப் பார்க்க நானும் கணவரும் அவளோடு மொன்ட்ரியாலிலிருந்து போனோம். வீடு புவெனஸ் அயர்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தூரம். காலையில் எல்லோரும் நகரத்துக்கு வேலைக்கு ரயிலேறிவிட்டால், அங்கே மிஞ்சுவது ஒரே உயரத்துக்கு வெட்டிய வேலிகளும் அவற்றுக்குப் பின்னால் குரைக்கும் நாய்களும்தான். மத்தியானம் மிச்சமிருக்கிற சனமும் கடைகளைப் பூட்டிவிட்டுப் படுத்துவிடும். என் கணவரும் அவர்களோடு சேர்ந்து குறட்டை விட்டார். ஒரு பெட்டி பால் வாங்க நான் ஐந்து மணிவரை காத்திருந்தேன். இதற்கா இவ்வளவு தூரம் பறந்து வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது.

பின்னேரம் மருமகனின் தாய் என் கையைப் பிடித்து நாலு தெருக்களைச் சுற்றிக் காட்டினார். நாலும் ஒன்றுபோலவே இருந்தன. முடிவில் பெருமையோடு ஏதோ கேட்டார்.

"இடம் எப்பிடி எண்டு கேக்கிறா, அம்மா," என்றாள் மகள்.

"செத்த வீட்டிலைகூட இதைவிடச் சத்தம் இருக்கும் எண்டு சொல்லு. மொன்ட்ரியாலிலை, எங்கடை லாசாலிலை, மேல்வீட்டுக்காரன் நடக்கிறதாவது கேக்கும்."

மகள் ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னாள். அந்த அம்மா கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார்.

"என்னடி சொன்னனீ?"

"உங்களுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்செண்டு. அடுத்த முறை மூண்டு மாதம் வந்து நிக்கட்டாம். வீட்டுக்குப் பின்னாலை உங்களுக்கெண்டு ஒரு அறை கட்டுறாவாம்."

சொன்னபடியே கட்டியும் விட்டார்கள். போன கிழமை படம் வந்தது. எனக்கு முழங்கால் வருத்தம், தூரப் பயணம் ஏலாது என்று மகளைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.