பதினேழாம் பக்கத்து வேல்

இன்று குன்னூர் வாடகை நூலகத்தில் என் மானம் ஒரு பென்சில் கோட்டில் தொங்கியது.

"ஏனுங்க, காதல் நாவல்ல பூரா பதினேழாம் பக்கத்துல வேல் படம் போடறது யாருங்க? தெரிஞ்சா கார்டக் கிழிச்சுப்போடுவேன்!" என்றார் கடைக்காரர்.

படித்ததையே மீண்டும் எடுத்துவிடாதிருக்க நான் இடும் அடையாளம் அது.

அருகில் கமலம் நின்றாள். சிலோனிலிருந்து என்னோடு ஒரே கப்பலில் வந்தவள். கோயில் பஜனைக்கு நான் எழுதித் தரும் தாள்களின் தலைப்பில் அதே வேல் படத்தைக் காண்பவள். காதல் கதைகள் நெஞ்சைக் கெடுக்கும் என வெள்ளிதோறும் நான் உரைப்பதைக் கேட்பவள்.

புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான் கீறினேன், முதலாளி," என்றாள் கமலம்.

அவள் கார்டு கிழிந்தது.

வெளியே வந்ததும், "அக்கா, இனி எனக்கும் நீங்கதான் எடுக்கணும். வெள்ளிக்கிழமை பஜனைக்குக் கொண்டாங்க," என்றாள்.

பைக்குள் இரண்டு நாவல்களோடு அன்று நான் எதைப் பற்றிப் பேசுவது? அறிந்தோர் கூறுக.