இடப்பக்கத்து மல்லிகை

மாசியில் தோட்ட வேலை அதிகம். வெயில் ஏறுவதற்குள் தொட்டி மண்ணைக் கிளறி, தொழுவுரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, கொத்தவரையும் புடலையும் விதைத்துவிட வேண்டும். அந்த வேலையின் நடுவில் ஒரு காலை எனக்குத் தலை சுற்றியது. சிறிது நேரம் தரையில் உட்கார்ந்தேன். சரியாகிவிட்டது. வெயில்தான் என்று நினைத்து மீதி வேலையையும் முடித்தேன். முடித்ததாக நினைத்துக்கொண்டேன்.

திருவள்ளூரில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டு வரிசைத் தொட்டிகள். படியேறி வந்தால் வலப்பக்கம் காய்கறி, இடப்பக்கம் மல்லிகை. மல்லிகை என் தங்கை சரோஜாவுடையது. என் மனைவி இறந்தபின் எனக்குத் துணையாக வந்தவள். அவளும் கணவரை இழந்தவள். மார்கழியில் அவளே கவாத்து செய்திருந்தாள். பங்குனியில் மொட்டு வர வேண்டும். மூட்டுவலியால் அவளால் தினமும் மாடியேற முடியாது. தண்ணீர் விடுவது என் பொறுப்பு. படி முடியும் இடத்துக் குழாயடியில் நின்றபடியே ஹோஸ் பைப்பால் அடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

தலைசுற்றலுக்குப் பிறகு எனக்கு எந்த வலியும் இல்லை. சரோஜாவின் சமையல்தான் குறைந்துபோனதாகத் தோன்றியது. சோறு, குழம்பு, அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன் நான். குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவன். ஒரு மதியம் கேட்டேவிட்டேன்.

"பொரியல் செய்ய உடம்பு வணங்கலையா?"

"தட்டுலதானே வெச்சிருக்கேன். நாலு நாளா அப்படியே ஒதுக்கிட்டு எழுந்துக்கிறே. புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லுண்ணா. இல்லேன்னு சொல்லாதே."

என் இடது கன்னத்தில் சவரம் செய்யாத முடி இருப்பதையும் காட்டினாள். கேலி செய்கிறாள் என்று பட்டது. "என் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு என்னையே ஏமாத்துறியா?" என்றேன். அப்படியே சொன்னேன், குறைத்து எழுதவில்லை.

மறுநாள் அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தில் வேலை செய்யும் தன் மகனிடம் போய்விட்டாள். வாசலில் நின்று ஒன்று மட்டும் சொன்னாள்: "மல்லிக்குத் தண்ணி காட்டுண்ணா. மொட்டு வெக்கிற நேரம்."

தினமும் தண்ணீர் விட்டேன். சாப்பாடு பக்கத்து மெஸ்ஸிலிருந்து வந்தது. என்னிடம் பேச யாரும் இல்லை. இல்லை என்பதும் பெரிதாகத் தெரியவில்லை.

பங்குனியில், பழவேற்காட்டிலிருந்து இங்கே வந்து துணிக்கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக் காதர் பாய் ஒரு காலை நாஷ்டா கொண்டுவந்தார். சட்னியை மறந்துவிட்டீர்களே என்றேன்.

"பேஜாரு பண்ணாத சார். தட்டுலயே கீது, ரெண்டு சட்னி."

தட்டைப் பிடித்துப் பாதி வட்டம் திருப்பினார். எங்கிருந்தோ வந்ததுபோல இரண்டு சட்னியும் என் முன்னால் இருந்தன. பாய் சிரித்தார். என் முகத்தைப் பார்த்தபின் நிறுத்திக்கொண்டார். "கெளம்பு சார், ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார்.

சென்னையில் மருத்துவர் என்னை ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதியிருந்தேன். எனக்கு அது முழுக் கடிகாரமாகவே தெரிந்தது. மாசியில் தலை சுற்றிய அன்றே மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. அதனால் வந்தது ஒருபுறப் புறக்கணிப்பு (கண் நன்றாக இருந்தும் மூளை தனக்கு எதிர்ப்பக்கத்தை, எனக்கு இடப்பக்கத்தை, கணக்கில் எடுக்காத நிலை).

"கூட இருந்தவங்க யாரும் கவனிக்கலையா ஐயா?"

"கவனிச்சா. நான்தான் விரட்டிட்டேன்."

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது தட்டில் பாதியை விட்டு எழுந்தால், கதவின் ஒரே பக்கத்தில் இடித்துக்கொண்டால், சண்டை போடாதீர்கள். அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அதோடு பயிற்சி. இட ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டி, அது கண்ணில் படும்வரை கழுத்தைத் திருப்ப வேண்டும். வாசல்படியில், கட்டிலில், மாடியில் காதர் பாய் கட்டிவிட்டார். மாடியில் துணியைத் தேடித் திரும்பியபோதுதான் மல்லிகையைப் பார்த்தேன். குச்சியாக நின்றது. தினமும் நான் விட்ட தண்ணீர் வலப்பக்கத்துக்கு மட்டும்தான் போயிருக்கிறது.

சரோஜாவுக்குப் போன் செய்து மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். "சரோ, பொரியல் இருந்திருக்கு."

"அவரைக்காய்ண்ணா. உனக்குப் புடிக்கும்னு இந்தக் காலை இழுத்துக்கினு மார்க்கெட்டுக்குப் போனேன்."

மன்னிப்புக் கேட்டேன். "உடம்பைப் பாரு" என்றாள்.

சித்திரையில் மகனோடு வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து மாடியேறினாள். மல்லிகைக் குச்சியை நகத்தால் கீறிப் பார்த்தாள், உள்ளேயும் காய்ந்திருந்தது. பிடுங்கிப் போட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. சாப்பிடும்போது என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, "திரும்பிப் பாரு, இங்க கீறேனா?" என்றாள். இருவரும் சிரித்தோம். சாயங்காலம் அவள் பையை எடுத்தபோது, "இருந்துடேன்" என்றேன்.

"அங்க பழகிட்டேண்ணா."

இப்போது கன்னம் முழுவதும் மழிக்கிறேன். கடிகாரத்தில் ஏழும் எட்டும் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் என் உடம்பில் பாதி எனக்குத் தானாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறையும் நினைத்துத் திரும்பி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் நாள் மெதுவாகப் போகிறது.

காலையில் குழாயைத் திறக்கிறேன். கொத்தவரைக்கும் புடலைக்கும் விட்டபின் இடப்பக்கம் திரும்புகிறேன். சிவப்புத் துணி அவளுடைய காலித் தொட்டியில்தான் கட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்வரை குழாயை மூடக் கூடாது. பார்த்ததும், அந்த மண்ணுக்கும் தண்ணீர் விட்டுவிட்டு மூடுகிறேன்.