பட்டாவில் இருந்த பெயர்

ஒரத்தநாட்டில் நடந்த விவசாயிகள் விழாவில் அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் கறுத்த முகம். கால் விரல்களில் சேற்றுப்புண். கண்காட்சிக்கு வைத்திருந்த நெல்லில் ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

“பரிசு வாங்க வந்த எடத்துலயும் பதம் பாக்கணுமாக்கா?” என்று கூட வந்த பெண் கிண்டல் செய்தார்.

சம்பாவில் அதிக மகசூல் எடுத்தவருக்கான பரிசுக்கு மைக்கில் ஓர் ஆணின் பெயரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. எல்லாரையும் போல இந்த அம்மாளும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“ஒன்னத்தான்க்கா, போ!” என்று தோழி தள்ளிவிட்டார்.

மேடையில் இருந்த அதிகாரி, “அவர் வரலையாம்மா?” என்றார்.

“அவரு தவறி மூணு வருசமாச்சுங்க. நட்டு அறுத்ததெல்லாம் நான்தான்.”

“பட்டா அவர் பேர்லதானே இருக்கு,” என்று கேடயத்தைக் கொடுத்து அனுப்பினார்.

கீழே வந்தவரிடம், செய்தியில் சரியாக எழுதுவதற்காகக் கணவர் பெயரைக் கேட்டேன். அதை வாயால் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. கேடயத்தில் பொறித்திருந்த எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

“உங்க பேரைப் போட்டுத் தரச் சொல்லலாமே?”

“இவரு பேர அழிச்சுட்டா சார் எழுதுறது? பேப்பர்லயாவது எம்பேரப் போடுங்க.”

“சரிம்மா. கூப்பிட்டப்போ ஏன் வாசலைப் பாத்தீங்க?”

“வந்துட்டாரோன்னு இருந்துச்சு சார்.”

செய்தியின் முதல் வரியிலேயே அந்த அம்மாளின் பெயரை எழுதினேன். அவர் வாசலைத் திரும்பிப் பார்த்ததை எழுத அதில் இடமில்லை.