ரைன் நதிப் படங்களும் என் கடிதமும்

ஜெர்மனியிலிருந்து என் கணவர் அனுப்பிய பட அட்டைகளை நான் வெறுத்தேன். திருவொற்றியூர்த் தொழிற்சாலை அவரை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. விடுமுறைகளில் ரைன் நதியில் படகேறி, கரையோரத்துப் பழைய ஊர்களைப் பார்ப்பார். எண்ணூறு வருஷத்துக் கோட்டை, மதில் சூழ்ந்த ஊர், மரச்சட்டம் வைத்துக் கட்டிய கோணல் வீடுகள். அந்தத் தெருக்களில் யாரும் இருமுவதாகத் தெரியவில்லை.

ராயபுரத்தில் எங்கள் ஒன்றரை வயதுப் பெண்ணுக்குக் கக்குவான் இருமல். இருமி இருமி முகம் நீலம் பாயும். டாக்டர் மருந்து கொடுத்தார். துணைக்கு வந்து தங்கியிருந்த தூத்துக்குடி மாமியார் கழுதைப்பால் என்றார். இரண்டையும் கொடுத்தேன், இரண்டுக்கும் பயந்தேன்.

வாசலில் கழுதையைக் கறந்தபடியே பால் விற்க வந்த பெண்பிள்ளை கேட்டாள்: "இன்னாமா, கொயந்தையோட நைனா எங்க கீறாரு?"

"சீமையிலே. போட்ல ஊர் சுத்திப் பார்க்கிறார்."

"நல்லா கீதே! இங்க இது மூச்சுக்கு அல்லாடிக்கினு கீது, அவருக்குப் போட்டு கேக்குதா? ஒரு லெட்டர் போட்டு இஸ்துக்கினு வாம்மா!"

போட்டுத்தான் இருந்தேன். நான்காவது வரியில் இருமலைப் பற்றி எழுதியிருந்தேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் பழகிய கை, 'இவ்விடம் அனைவரும் சுகம், அவ்விடம் சுகமறிய அவா' என்றே தொடங்கியிருந்தது. பதில் வந்தது: 'எல்லோரும் சுகம் என்றறிந்து மகிழ்ச்சி. இருமலுக்குத் துளசி கொடு. பயிற்சி முடிந்ததும் இன்னும் சில நதிக்கரை ஊர்களைப் பார்த்துவிட்டுக் கப்பலேறுகிறேன்.' கூடவே ஒரு மணிக்கூண்டுப் படம். கிழித்துப் போட்டேன்.

அன்றே எழுதினேன்: 'குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வருகிறது. உடனே கிளம்புங்கள்.' மாமியார் வாசித்துக் காட்டச் சொன்னார்.

"சுகம் போடாம லெட்டரா? சாவுச் சேதின்னு நெனைச்சிருவான்ளா!"

"நெனைக்கட்டும், அத்தை."

"எம்புள்ளைய அம்புட்டுத் தூரத்துல பதற வைக்கியா?"

"நான் இங்கே பதறலையா?"

அதுவரை நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. தபாலாபீஸ் போகும் வழியில், பயமுறுத்துகிறேனோ என்று நான்கு முறை நின்றேன். ஐந்தாவது முறை நிற்பதற்குள் பெட்டியில் போட்டுவிட்டேன்.

என் கணவர் வந்திறங்கியபோது இருமல் தேய்ந்திருந்தது. பெட்டியைக் கீழே வைக்காமலே குழந்தையைப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கா? இதுக்காகவா மூணு ஊரை விட்டுட்டு ஓடி வந்தேன்?"

குழந்தை அவரை அடையாளம் தெரியாமல் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவளைத் திருப்பிக் காட்டவில்லை.