நான்காவது கூப்பாடு

எங்கள் குடும்ப நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுகிறவருக்கு வெண்கலம் என்று பட்டப்பெயர். வாசலில் நின்று அவர் குரல் கொடுத்தால், கீழே டீக்கடையில் இருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். மூன்று முறை கூப்பிடவேண்டும். ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி. இருபத்தாறு வருடத்தில் அவர் குரல் கேட்கவில்லை என்று சொன்னவர் யாருமில்லை.

ஆனால் ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம். விவாகரத்துக்கு வரும் பெண்களைப் பார்த்து, "அனுசரிச்சுப் போகத் தெரியாததுங்க" என்று என் காதைக் கடிப்பார். குமாஸ்தாவான நானும் ஃபைலைப் புரட்டிக்கொண்டே சிரித்து வைப்பேன்.

ஒரு நாள் அவர் மகளின் பெயரே பட்டியலில் வந்தது. புருஷனும் அவளும் சேர்ந்து போட்ட விவாகரத்து மனு. ஆறு மாதத்துக்கு முன் முதல் விசாரணை நடந்தபோது, வெண்கலம் வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டார். இந்தத் தடவை லீவு கிடைக்கவில்லை. இருவரும் நீதிபதி முன்னால் நின்று இன்னொரு முறை சம்மதம் சொன்னால் தீர்ந்தது. மருமகன் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "இன்னிக்கு முடியலேன்னா, இனி கையெழுத்துக்கு என்னை எதிர்பாக்காதீங்க" என்று வக்கீலிடம் கறாராகச் சொல்லியிருந்தான்.

மகள் வெளியே வராந்தாவில் காத்திருந்தாள். நான் வழக்கு எண்ணைச் சொன்னேன். பெயரோடு தகப்பன் பெயரையும் சேர்த்துக் கூப்பிடுவதுதான் எங்கள் முறை. வெண்கலம் வாசலுக்குப் போனார். வராந்தா நிறையத் தெரிந்த முகங்கள். மகள் பெயரைத் தொண்டைக்குள்ளேயே முனகினார். தன் பெயரை விழுங்கிவிட்டார். மூன்று முறையும் அப்படித்தான். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வரலைங்கய்யா" என்றார், தலையைக் குனிந்தபடி.

நீதிபதி பேனாவை எடுத்தார். நான் எழுந்து சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. நண்பரின் மானத்தைக் காப்பாற்றுகிறேனாம்! இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

கடைசியில் வெண்கலமே கை கூப்பினார். "நான்தான் சரியாக் கூப்பிடலைங்கய்யா. அவ எம்பொண்ணுங்கய்யா. வெக்கமா இருந்துச்சு."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "போய் ஒழுங்காக் கூப்பிடுங்க."

இந்த முறை மகள் பெயரும் அவர் பெயரும் டீக்கடை வரை போயிருக்கும். அவள் உள்ளே வந்தாள். சம்மதம் சொல்ல நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு மாடிப்படியில் வெண்கலம் அவளை நிறுத்தினார். ஃபைல் கட்டோடு நான் பின்னால் நின்றேன்.

"மொதல்ல கூப்பிட்டது உனக்குக் கேட்டிருக்காதும்மா..."

"கேட்டுச்சுப்பா. கதவுக்குப் பக்கத்துலதான் நின்னேன். மூணு தடவையும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வரலை?"

அவள் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்க கூப்பிட்ட விதம் அப்படி இருந்துச்சு. நான் உள்ளே வரவே கூடாதுன்னு நெனைக்கிறீங்கன்னு தோணுச்சு. கால் நகரலைப்பா."