பாத்துக்கலாம் சார்

எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மேலாளருக்குப் பெற்றோர் வைத்த பெயரை யாரும் பயன்படுத்துவதில்லை. முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் ‘பாத்துக்கலாம் சார்’. எனக்கு அக்கா புருஷன். தொழிற்சாலைக்குள் சார், வெளியே அத்தான். ஸ்டோர் கீப்பர் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான் என்பதால், அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது. தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

விற்பனைப் பிரிவில் சேர்ந்து பதினெட்டு வருடம் எதையும் கெடுக்காமல் இருந்தார். எதையுமே செய்யாதவர் எதைக் கெடுப்பார்? பழைய மேலாளர் முதலாளியை எதிர்த்துப் பேசிவிட்டு வெளியேறியபோது, முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். எதிர்த்துப் பேசாத வாய் இது ஒன்றுதான் இருந்தது. தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

அந்த மாதமே மூன்று நாள் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் எங்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து வெள்ளைப் பலகையில் எழுதினார்: ‘திட்டமிடு, ஒருங்கிணை, வழிநடத்து, கட்டுப்படுத்து.’

“இந்த நாலும்தான்யா மேனேஜர்” என்றார்.

அழியாத மையில் எழுதித் தொலைத்துவிட்டார். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நாலு வருடமாக அன்றைக்கு எத்தனை பெட்டி அடிக்க வேண்டும் என்பதை அந்த நாலு சொல்லுக்கும் நடுவே கிடைக்கிற சந்தில்தான் எழுதுகிறோம். அவர் இங்கே நிலைத்து நிற்கும்படி செய்த ஒரே காரியம் அது.

யார் எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான். லீவு வேண்டுமா? பாத்துக்கலாம். கூரை ஒழுகுகிறதா? பாத்துக்கலாம். அந்தச் சொல்லில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. கேட்டவர், இவர் கவனித்துக்கொள்வார் என்று நம்பிப் போவார். சொன்னவர், நடந்தால் பார்ப்போம் என்று சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். வேலை ஒழுங்காக நடந்தால் அது அவருடைய வழிநடத்தல். கெட்டுப்போனால் அட்டை சரியில்லை, மெஷின் சரியில்லை, ஆள் சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். சமையலறைக் குழாய் இரண்டு வருடமாக ஒழுகுகிறது. அக்கா துணியைச் சுற்றி வைத்திருக்கிறாள். “உங்க அத்தானுக்குக் கோவமே வராதுடா” என்று பெருமை வேறு. கோபம் வர வேண்டுமென்றால் உலகத்தில் ஏதாவது ஒன்று தன் பொறுப்பு என்று தோன்ற வேண்டாமா?

பஞ்சிங் மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். அட்டையைப் பெட்டி அளவுக்கு வெட்டுகிற மெஷின் அது. இரண்டு இரும்புப் பலகைகள் புத்தகம் போலத் திறந்து மூடும். திறந்திருக்கும் நொடியில் அட்டையை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்கத் தாமதமானால் முன்னால் இருக்கும் தடுப்புக் கம்பியில் கை படும், மெஷின் நின்றுவிடும். அந்தக் கம்பியின் சுவிட்ச் கெட்டுப்போனது. கம்பி சும்மா அழகுக்குத் தொங்கியது. மெஷினை ஓட்டுகிற பஞ்சிங் அக்கா அன்றைக்கே போய்ச் சொன்னாள். சார் என்ன சொன்னார் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

மாற்று சுவிட்ச் என் ஸ்டோரில் மூன்றாவது தட்டில் உறை பிரிக்காமல் இருந்தது. மறுநாள் அவரிடம் சொன்னேன்.

“அதை மாட்ட அரை நாள் மெஷினை நிறுத்தணும்டா. நிறுத்துற சீட்டுல நான் கையெழுத்துப் போடணும். லோடு லேட்டானா முதலாளி யார் கையெழுத்துன்னுதானே பாப்பாரு?” என்றார். பிறகு வாய் நிறைய அந்தச் சொல்.

ஆறு வாரம் போனது. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு மெஷின் சத்தம் திடீரென்று நின்றது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பஞ்சிங் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய கையுறை, அதன் இரண்டு விரல் நுனிகள் தகடாக நசுங்கிக் கிடந்தன. கையுறை ஒரு அளவு பெரியது. அதனால்தான் விரல் அவளிடமே இருந்தது.

சார் வந்தார். “என்னம்மா மெஷின் நிக்குது? வாசல்ல லாரி நிக்குதுல்ல?”

“சுவிட்சை மாட்டுங்க சார், ஓட்டறேன்.”

“பாத்துக்கலாம்மா. இப்போ இந்த லோடை முடி.”

“யாரு சார் பாத்துக்குவா?”

அவர் வாசலில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்துக்கலாம், பாத்துக்கலாம்னு சொல்றீங்க. அதுல ஆளே இல்லையே சார். ‘நான் பாத்துக்கறேன்’னு சொல்லுங்க. கை போனா என் பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே ஓட்டறேன்.”

“அது எப்படிம்மா எழுதறது...”

“அப்போ நீங்க ஒரே ஒரு அட்டை வைங்க. நான் பாத்துக்கறேன்.”

மெஷினைப் போட்டாள். பலகைகள் திறந்து மூடின. அத்தனை பேரும் பார்க்க, சார் ஒரு அட்டையை எடுத்தார். பலகையைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, மெஷினை நிறுத்தும் சீட்டை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஒருவரையும் பார்க்காமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம். அற்பச் சந்தோஷம்தான், மறைப்பானேன்? ஒரே ஓட்டமாக ஓடி சுவிட்சைக் கொண்டுவந்து நீட்டினேன். பஞ்சிங் அக்கா வாங்கிப் பார்த்தாள். உறை மேல் இருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

“இது எங்க இருந்துச்சு தம்பி?”

“நம்ம ஸ்டோர்லதான் அக்கா.”

“எத்தனை நாளா?”

சொன்னேன்.

“பொருள் வரலைன்னு நெனச்சுல்ல இத்தனை நாளும் ஓட்டினேன். இருக்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மெஷினை நிறுத்தியிருப்பேனே. ஏன் தம்பி சொல்லல?”

வாயைத் திறந்தேன். எவ்வளவு தேடியும் வேறு வார்த்தை வரவில்லை.

“பாத்துக்கலாம்னு இருந்துட்டேன் அக்கா.”