பதினாலு பேர் ஏறி இறங்கிய பஸ்

ஆம்பூர் மார்க்கெட் வாசலில் நின்றிருந்த அந்தப் பச்சை பஸ்ஸில் காலியாகக் கிடந்த மரப்பலகைகள் இன்னும் என் கண்ணிலேயே இருக்கின்றன. இருபது பேர் உட்காரும் வண்டியில் நாங்கள் ஆறே பேர். மோட்டார் பஸ் எங்கள் பக்கம் ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. மணி பார்த்துக் கிளம்பும் வழக்கமெல்லாம் அப்போது கிடையாது. ஆள் நிறைந்தால்தான் வண்டி நகரும். நிறைந்ததா என்று தலை எண்ணிப் பார்த்துக் கையசைக்க முதலாளி ஒரு ஏஜெண்டை வைத்திருந்தார். அப்பப்பா, அந்த மனுஷன்! நான் எத்தனை தரம் கெஞ்சினாலும், "இன்னும் பதினாலு தலை வரட்டும்மா" என்று பல் குத்திக்கொண்டே சொன்னான்.

எனக்கோ உயிர் போய் உயிர் வந்தது. அணைக்கட்டுக்கு அப்பால் மலையடிவாரத்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் வருஷத்துக்கு ஒரு முறை நாள் முழுக்கச் சங்கீதப் பண்டிகை நடக்கும். பாட விரும்புகிறவர்கள் மாலை முதல் மணி அடிப்பதற்குள் பெயர் கொடுத்துவிட வேண்டும். எங்கள் சபைக் கோஷ்டி முந்தின நாளே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாக இருந்த எனக்கு லீவு கிடைக்கவில்லை, அவர்களும் எனக்காகக் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தேன். தை பிறந்தால் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் பாட்டு என்றாலே முகம் சுளிப்பார்கள் என்று காதில் விழுந்திருந்தது. இந்த வருஷம் பாடினால்தான் உண்டு.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தே போய்விட்டது. தோல் ஷாப்பில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். எங்கள் வீட்டின் பின்சுவரும் ஷாப்புச் சுவரும் ஒன்றே. அங்கே மேஸ்திரியாக இருந்தவர் டீக்கடைக்கு வந்தபோது எங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னா டீச்சரம்மா, இன்னும் போவலியா?"

நான் வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன். அம்மாதான் சொன்னாள். மேஸ்திரி ஏஜெண்டை ஒரு பார்வை பார்த்தார், காலிப் பலகைகளை ஒரு பார்வை பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஷாப்பு வாசலிலிருந்து ஒரு கும்பல் வந்தது. முழங்கால்வரை சுண்ணாம்பு, கையெல்லாம் ஆவாரம்பட்டைச் சாயம். மேஸ்திரியோடு சேர்த்துப் பதினாலு பேர், வரிசையாக ஏறி உட்கார்ந்தார்கள். ஏஜெண்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கய்யா எல்லாரும்?" என்றான். "பாட்டு கேக்கத்தான்" என்றார் மேஸ்திரி. காசு வசூல் வழியில்தான் என்பதால் ஏஜெண்டுக்குத் தலைக்கணக்கே போதும். எண்ணினான், கையசைத்தான், வண்டி கிளம்பியது.

ஊரைத் தாண்டி முதல் மைல்கல் வந்ததும் மேஸ்திரி, "நிறுத்துப்பா" என்றார். பதினாலு பேரும் தபதபவென்று இறங்கினார்கள். டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"யோவ், ஏஜெண்டு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"வயித்து வலின்னு எறங்கிட்டாங்கன்னு சொல்லு."

"பதினாலு பேருக்குமா?"

"ஆமா, ஒரே சோறு துன்னோம்."

டிரைவர் சிரித்த சிரிப்பில் வண்டியே குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்காக இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். மேஸ்திரி ஜன்னலோரம் வந்தார். "மூணு மாசமா செவுத்துக்கு அந்தாண்ட நீ பாடறத கேட்டுக்கினேதான வேல செய்றோம். மூணாவது அடியில மூச்ச புடிச்சிக்கம்மா, அங்கதான் உனுக்கு வழுக்குது." சொல்லிவிட்டு ஊரைப் பார்த்து ஓடினார், மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் வேலையில் இருக்க வேண்டும். அன்று ஒருவரும் சாப்பிடவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அணைக்கட்டில் இறங்கி, வயல் வரப்பிலும் கரட்டுப் பாதையிலும் அம்மாவும் நானும் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மணிக்கயிற்றில் கை வைத்துவிட்டார்கள். பெயர் எழுதும் உபதேசியார் நோட்டைத் திறந்து, "எந்தச் சபை?" என்று கேட்டார். எங்கள் சபைக் கோஷ்டி காலையிலேயே பாடி முடித்திருந்தது, ஒரு சபைக்கு ஒரு முறைதான். நான் ஒரு கணம்தான் யோசித்தேன். "ஆம்பூர் தோல் ஷாப்புன்னு எழுதுங்க ஐயா." அம்மா தொடையில் கிள்ளினாள். உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு எழுதிக்கொண்டார். என் முறை வந்ததும் அதை அப்படியே உரக்க வாசித்தார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே எழுந்து பாடினேன். மூன்றாவது அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வழுக்கவில்லை.

இன்று அந்த வழியில் நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிறது. நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்காகச் சோற்றை விட்டுவிட்டு ஒரு மைல் வந்து, ஒரு மைல் திரும்பி ஓடியவர்களை நினைக்காமல் நான் எந்த பஸ்ஸிலும் ஏறியதில்லை. அவர்களில் மேஸ்திரியைத் தவிர யார் பெயரும் எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளாத என் புத்தியை என்னவென்று சொல்ல!

பண்டிகை முடிந்து திரும்பிய திங்கட்கிழமை காலை ஷாப்பு வாசலில் அவர்களைப் பிடித்தேன். எந்தப் பெயரில் பாடினேன் என்று சொன்னேன். மேஸ்திரியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சிரிச்சிருப்பாங்களே."

"சிரிச்சாங்க. பாட ஆரம்பிச்சதும் நிறுத்திட்டாங்க."

எதற்கெடுத்தாலும் கேலி பேசும் கூட்டம் அது. அன்றைக்குக் கேலியை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நெருங்கி வந்தார்கள். பின்னால் நின்ற வயசான ஒருவர் முன்னே வந்து, "இன்னான்னு வாசிச்சாங்க? இன்னொரு தபா சொல்லும்மா" என்றார்.

உபதேசியார் வாசித்த மாதிரியே, தெருவெல்லாம் கேட்கும்படி, அவருக்கு வாசித்துக் காட்டினேன்.